ஹைஸ்கூல் பசங்களுக்கு ஃப்ரீ மேக்கர்ஸ்பேஸ், கோவை கணபதியில ஆரம்பிக்கறோம்: மூணு லட்சத்துக்கு முதல்ல என்ன வாங்கறது?

#1 மேல்மாடி

வணக்கம் மக்களே. கணபதியில எங்க மாமாவோட லேத் பட்டறை இருக்கு, அதுக்கு மேல ஒரு ஹால் பல வருஷமா சும்மா கெடக்கு. ஐநூறு சதுர அடி வரும், ஃபேன் லைட் இருக்கு, பாத்ரூம் கீழ. நானும் காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரும் சேந்து அதை ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிக்கற பசங்களுக்கு மேக்கர்ஸ்பேஸா மாத்தலாம்னு பேசி முடிச்சிட்டோம். ஃபீஸ் கெடையாது, சிலபஸ் கெடையாது, யார் வேணா வரலாம், எதையாவது செஞ்சு பாக்கலாம், அவ்ளோதான் ஐடியா. சுத்துப்பட்டு கவர்மென்ட் ஸ்கூல் பசங்க வந்தா ரொம்ப சந்தோஷம்.

கையில மூணு லட்சம் சேத்து வச்சிருக்கோம். இப்போதைக்கு போட்ட லிஸ்ட்: 3டி பிரிண்டர் ரெண்டு, சின்னதா ஒரு லேசர் கட்டர், லேப்டாப் நாலு, மீதி காசுக்கு ஆர்டுயினோ (ப்ரோக்ராம் போட்டு மோட்டார், சென்சாரை இயக்கற சின்ன போர்டு) கிட். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இங்க இருக்கற அனுபவஸ்தங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. திட்டறதா இருந்தா இப்பவே திட்டிருங்க.

#2 ரிச்சி_தெரு

திட்டல்லாம் மாட்டேன் ப்ரோ, ஆனா அந்த லிஸ்டை அப்படியே தலைகீழா திருப்புங்க. கிட்டு முதல்ல, பிரிண்டர் கடைசில.

காரணம் சொல்றேன். எண்டர் 3 மாதிரி ஒரு பிரிண்டர் வாங்கறீங்க, 220க்கு 220 மில்லிமீட்டர் பெட் (பொருள் உருவாகற தட்டு). ஒரு பையன் சாதாரண ஃபோன் ஸ்டாண்டு டிசைன் பண்ணி போட்டா ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் ஓடும், அது ஓடற வரைக்கும் மத்த பசங்க எல்லாம் சுத்தி நின்னு வேடிக்கை பாக்கணும், நடுவுல பெட்ல இருந்து பெயர்ந்து நூடுல்ஸா போச்சுன்னா அன்னிக்கு எல்லாருக்கும் கதை முடிஞ்சது. ரெண்டாவது வாரம் அவனே இணையத்துல ரெடியா இருக்கற டிராகன் பொம்மையை டவுன்லோட் பண்ணி போட ஆரம்பிச்சிடுவான். அதுல செய்யறது எங்க இருக்கு?

அதே காசுக்கு என்னென்ன வரும் பாருங்க. ஆர்டுயினோ ஊனோ போர்டோட குளோன் 300-400 ரூபாக்கு கெடைக்குது (விண்டோஸ்ல தனியா டிரைவர் போட வேண்டி வரலாம், மத்தபடி ஒண்ணும் பிரச்சனை இல்ல). மஞ்சள் கலர் பிஓ மோட்டார், அதை ஓட்டற எல்298என் டிரைவர் போர்டு, தூரம் அளக்கற அல்ட்ராசோனிக் சென்சார், வயர் சொருகற பிரெட்போர்டு, ஜம்பர் வயர், இதெல்லாம் சில்லறை காசு. மல்டிமீட்டர் மட்டும் ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு வாங்குங்க. கண்ணுக்குத் தெரியாத கரன்டை கையில பிடிச்சு பாக்கறதுக்கு அது ஒண்ணுதான் வழி, ஆனா நெறைய எடத்துல முப்பது பேருக்கு ஒரு மீட்டர் இருக்கும், அதுவும் ஃப்யூஸ் போயிருக்கும்.

இன்னொண்ணு, மூணு லட்சத்தையும் செலவு பண்ணிடாதீங்க. பாதியை அப்படியே வச்சுக்கங்க. ஈயம் (சால்டர்), வயர், எல்ஈடி, ஸ்க்ரூ, ஹாட் க்ளூ குச்சி இதெல்லாம் மாசாமாசம் தீரும், அப்ப யாரும் டொனேஷன் தரமாட்டாங்க.

#3 இயற்பியல்_டீச்சர்

நான் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில வேலை பாக்கறேன், எங்க மாவட்டத்துல அடல் டிங்கரிங் லேப் (பசங்க கையால எதையாவது செஞ்சு பாக்க மத்திய அரசு பள்ளிக்குள்ள அமைக்கற லேப்) இருக்கற சில பள்ளிங்களுக்கு போயிருக்கேன். அந்தக் கதை உங்களுக்கு உபயோகப்படும்.

திட்டம் நல்ல திட்டம்தான். 2016ல நிதி ஆயோக் ஆரம்பிச்சது, ஒரு பள்ளிக்கு 20 லட்சம், அதுல 10 லட்சம் லேப் அமைக்க, மீதி 10 லட்சம் அஞ்சு வருஷம் நடத்த. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும். இந்தியா பூரா பத்தாயிரம் லேப் வந்தாச்சு, 2025 பட்ஜெட்ல இன்னும் அம்பதாயிரம் அரசுப் பள்ளிங்களுக்குன்னு சொன்னாங்க. நல்லா ஓடற லேப்பும் பாத்திருக்கேன், அங்க பசங்க மழை பெஞ்சா துணிக்கொடியை தானா உள்ள இழுக்கற மெஷின் எல்லாம் பண்ணி வச்சிருந்தாங்க.

ஆனா ஒரு எடத்துல பாத்தது மறக்க முடியல. பள்ளிப் பேரு வேண்டாம். பிரிண்டர் மேல பபுள் ரேப் பிரிக்காம அப்படியே இருக்கு, கிட் பாக்ஸ் எல்லாம் கண்ணாடி பீரோவுல சீல் உடைக்காம அடுக்கி வச்சிருக்கு, பீரோ சாவி ஹெச்எம் டேபிள்ல. ஏன் சார் பசங்க கிட்ட குடுக்கலையான்னு லேப் பொறுப்புல இருந்த வாத்தியாரைக் கேட்டேன். ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தியாச்சு மேடம், ஒரு சென்சார் தொலைஞ்சாலும் ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும்னாரு. அவரைக் குத்தம் சொல்லவும் முடியல. வாரத்துக்கு முப்பது பீரியடு எடுத்துட்டு லேப்புக்கும் அவரேதான் பொறுப்பு, லேப்ல நிக்கறதுக்குன்னு ஒரு ஆள் கெடையாது.

அதனால என் கேள்வி மெஷின் பத்தி இல்ல. உங்க நாலு பேர்ல கதவைத் திறந்து வச்சுட்டு அங்கயே உக்காரப் போறது யாரு? வேலைக்குப் போறவங்கதானே எல்லாரும்?

#4 குறைகூறி

ஃப்ரீன்னு போட்டாலே மதிப்பு போயிடும் பாஸ். மாசம் நூறு ரூபாயாவது வாங்குங்க. காசு குடுத்தாதான் ஒழுங்கா வருவான். அதுவும் இந்த ஊர்ல பசங்க சாயங்காலம் ட்யூஷன், ஞாயித்துக்கிழமை நீட் டெஸ்ட் பேட்ச். யாரு வருவான்னு நெனைக்கறீங்க?

#5 மேல்மாடி

@ரிச்சி_தெரு நன்றி, லிஸ்டை தலைகீழா திருப்பறேன் 😄 பிரிண்டர் ஒண்ணு மட்டும் அப்புறமா பாக்கலாம்.

@இயற்பியல்_டீச்சர் நல்லா புடிச்சீங்க. நாங்க ஆளுக்கொரு வாரம்னு முறை வச்சுக்கலாம்னு இருந்தோம். ஷிஃப்ட் மாறினா என்ன பண்றதுன்னு இன்னும் பேசல.

@குறைகூறி நூறு ரூபா பெரிய விஷயம் இல்லன்னு நமக்குத் தோணும். வீட்ல அதைக் கேக்கறதுக்கே கூச்சப்படற பசங்கதான் எங்களுக்கு வேணும்.

#6 பதினொண்ணாவது_பி

நான் +1 படிக்கறேன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இங்க எல்லாரும் பசங்க பசங்கன்னு பேசறீங்க, பசங்கள்ல ஒருத்தர் கூட இல்லையேன்னு எழுதறேன் 😅

வாரநாள்ல முடியாது. ஸ்கூல் விட்டு ட்யூஷன் போய் வீட்டுக்கு வர எட்டரை ஆயிடும். ஞாயிறு காலையில டெஸ்ட். ஞாயிறு மதியம் ரெண்டு மணிக்கு மேல ஃப்ரீ, அப்ப வீட்ல டிவிதான் ஓடும். அதனால அந்த நேரம் வைங்க. ராத்திரி ஏழு எட்டு மணி வரைக்கும் திறந்து வச்சா பொண்ணுங்க யாருமே வரமாட்டாங்க, வரமாட்டாங்கன்னா விடமாட்டாங்க. அஞ்சரைக்குள்ள முடிச்சா நானே பஸ்ல வந்து போயிடுவேன், டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் காசு கெடையாது. பாத்ரூம் கீழ பட்டறைக்குள்ளன்னா அங்க ஆம்பளைங்க வேலை செய்வாங்கல்ல, அதுக்கும் ஏதாவது யோசிங்க ப்ளீஸ்.

அப்புறம் தயவு செஞ்சு இதை இன்னொரு ட்யூஷன் ஆக்கிடாதீங்க. எங்க ஸ்கூல்ல ரோபாட்டிக்ஸ் ஒர்க்ஷாப்னு ஒரு நாள் வந்தாங்க, ஒரு சார் ப்ரொஜெக்டர்ல காட்ட காட்ட நாங்க அதே வயரை அதே ஓட்டையில சொருகினோம், எல்இடி எரிஞ்சுது, கை தட்டினோம், சர்டிஃபிகேட் குடுத்தாங்க, போர்டை திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. நான் அந்த எல்இடியை பிளிங்க் ஆகாம மெதுவா மங்க வைக்க முடியுமான்னு கேட்டேன், அது அட்வான்ஸ்டு கோர்ஸ்லதான்னு சொல்லிட்டாரு.

#7 ரிச்சி_தெரு

@பதினொண்ணாவது_பி ஆர்டுயினோல அனலாக்ரைட்னு ஒரு கமாண்ட் இருக்கு மா. பக்கத்துல ~ குறி போட்ட பின் எதுலயாவது மாட்டி 255ல இருந்து 0 வரைக்கும் ஒரு ஃபார் லூப் போடு, நடுவுல சின்னதா டிலே. மங்கும். கோர்ஸ் முடிஞ்சது, சர்டிஃபிகேட் கெடையாது 😂

#8 ஸ்கார்பரோ_அண்ணா

வணக்கம், நான் கனடாவில ஸ்கார்பரோவில இருக்கிறன். குறைகூறி சொன்ன "ஃப்ரீ எண்டா மதிப்பில்லை" கதைக்கு ஒரு பதில்.

இஞ்ச டொராண்டோ பப்ளிக் லைப்ரரி 2014 இல டிஜிடல் இனோவேஷன் ஹப் எண்டு தொடங்கினது. ஸ்கார்பரோ சிவிக் சென்டர் கிளையிலயும் ஒண்டு இருக்கு. லைப்ரரி கார்ட் இருந்தா காணும். 3டி பிரிண்டரைத் தொடுறதுக்கு முதல் ஒரு வகுப்புக்குப் போக வேணும், அதுவும் இலவசம். என்ர மகள் அங்க போய்த்தான் பழகினவள். எங்கட தமிழ்ப் பிள்ளையள் கனபேர் வருவினம், அம்மாமார் பக்கத்து மேசையில பேப்பர் பாத்துக்கொண்டு இருப்பினம். பிள்ளை எங்க நிக்குது எண்டு தாய்க்குத் தெரிஞ்சா காணும், பிறகு ஒருத்தரும் தடுக்க மாட்டினம்.

இதுக்கெல்லாம் முந்தி பாஸ்டன்ல கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ் எண்டு ஒண்டு 1993 இல தொடங்கினவை. கம்ப்யூட்டர் மியூசியமும் எம்ஐடி மீடியா லேபும் சேர்ந்து செய்தது. அது தொடங்கின கதை நல்ல கதை. மியூசியத்தில விடுமுறைக்கு லெகோ ரோபோ பயிற்சி ஒண்டு நடந்தது, முடிஞ்ச பிறகும் நாலு பொடியள் திருப்பித் திருப்பி வந்து கேட்டவங்கள், இல்லை எண்டு சொல்ல கள்ளமா உள்ள பூந்து திரிஞ்சவங்கள், காவல்காரர் பிடிச்சுக் குடுத்தவை. அதைப் பாத்துத்தான் இந்தப் பிள்ளையளுக்கு போக ஒரு இடம் இல்லை எண்டு விளங்கி கிளப்ஹவுஸ் திறந்தவை. காசில்லை, பாடத்திட்டமும் இல்லை, கூட இருந்து தானும் ஏதோ செய்யிற பெரிய ஆக்கள் மட்டும். அந்தப் பிள்ளையள் என்ன செய்ய ஆசைப்படுகினம் எண்டு பாத்துப் பாத்துத்தான் மீடியா லேப் மிட்செல் ரெஸ்னிக் ஆக்கள் ஸ்க்ராட்ச் எண்ட பிள்ளையளுக்கான ப்ரோக்ராமிங் மென்பொருளைச் செய்தவை, 2007 இல வெளிய வந்தது.

கள்ளமா பூந்த பொடியனிட்ட மதிப்பைப் பற்றி ஆரும் கேக்கேல்லை பாருங்கோ.

#9 குறைகூறி

அது கனடா, அமெரிக்கா. வரிப்பணத்துல லைப்ரரி நடக்குது, கம்பெனி ஸ்பான்சர் பண்றான். இங்க மாமா பட்டறை மாடி.

#10 ரிச்சி_தெரு

காசு வாங்கினதும் ஒண்ணும் நிக்கல பாஸ். டெக்ஷாப்னு ஒண்ணு, 2006ல கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்சாங்க, ஜிம் மாதிரி மாச சந்தா, உள்ள லேத் மில்லிங் லேசர் எல்லாம் இருக்கும். அமெரிக்கா பூரா கிளை போட்டாங்க, 2017 நவம்பர்ல ஒரே நாள்ல எல்லாத்தையும் இழுத்து மூடி திவால் நோட்டீஸ். மேக்கர் ஃபேர்ங்கற கண்காட்சி நடத்தின கம்பெனியும் 2019ல ஆட்களை அனுப்பிட்டு நிறுத்திட்டாங்க. வாடகையும் மெஷினும்தான் தின்னுச்சு. இவங்களுக்கு வாடகை இல்ல. அதுவே பெரிய விஷயம்.

#11 பட்டறைக்காரன்

ஏனுங்க, நானும் கணபதி பக்கந்தானுங்க. முப்பது வருசமா டர்னிங் வேலை. பையன் இந்த லிங்க்கை அனுப்பிச்சான், படிச்சேன், ரெண்டு விசயம் சொல்லோணும்.

ஒண்ணு, மேல மேக்கர்ஸ்பேஸுன்னு போட்டுட்டு கீழ இருக்கற லேத்தை யாருமே பேசக்காணோம். ஈயம் வைக்கறது டெக்னாலஜி, கம்பி கடையறது கூலி வேலையா? இந்த ஊர்ல பம்புசெட்டும் மோட்டாரும் கிரைண்டரும் எப்படி வந்துச்சு? ஜி.டி. நாயுடு பள்ளிக்கோடத்தை விட்டுப்போட்டு மோட்டார் சைக்கிளை கழட்டி மாட்டி கத்துக்கிட்டவரு, 1920ல பொள்ளாச்சி பழனி ரோட்டுல ஒத்தை பஸ்ஸை அவரே ஓட்டினாரு. அவரு ஆரு கிட்ட கிட் வாங்குனாரு? பசங்களை சனிக்கெழம மத்தியானம் கீழ அனுப்புங்க. எம்எஸ் ராடை (இரும்புக் கம்பி) சக்குல (லேத்துல கம்பியைக் கவ்விப் புடிக்கற பாகம்) புடிச்சு ஒரு மில்லி கொறைச்சுக் காட்டறேன், வெர்னியர்ல அளந்து பாக்கட்டும். புஸ்தகத்துல ப்ளஸ் ஆர் மைனஸ்னு படிக்கறது கைக்குத் தெரியோணுமுங்க.

ரெண்டு, பத்திரம். லேத்து கிட்ட கிளவுஸ் போடவே கூடாது, நெறைய பேருக்குத் தெரியாது, கிளவுஸ் போட்டா பத்திரம்னு நெனைப்பாங்க, சக்குல நூல் மாட்டுச்சுன்னா கையோட இழுத்துரும். முழுக்கை சட்டை, துப்பட்டா, தொங்கற சடை, கையில கயிறு, மோதரம் எதுவும் ஆகாது. சக் சாவியை சக்குலயே உட்டுட்டு சுவிட்சைப் போட்டா அது துப்பாக்கி குண்டாட்டம் வருமுங்க. பசங்க மெசினை ஓட்ட வேண்டாம், பக்கத்துல நின்னு பாக்கட்டும், மேல கை வேலை பண்ணட்டும். வைஸ், ரம்பம், அரம், ட்ரில் போதும். ஆங்கிள் கிரைண்டரை கண்ணுல காட்டவே காட்டாதீங்க.

அப்பறம் மேல எம்சிபி (லோடு அதிகமானா தானா விழற சுவிட்ச்) மட்டும் போட்டுருப்பாங்க. அது வயரைத்தான் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா உடனே கட் பண்றது) ஒண்ணு போடுங்க, எர்த்து சரியா இருக்கான்னு எலக்ட்ரீசியனை வச்சு பாருங்க. பிரிண்டர் வாங்கறதுக்கு முன்னாடி அதுக்கு காசு எடுத்து வைங்க.

#12 மேல்மாடி

அண்ணா நீங்க யாருன்னே தெரியாது ஆனா மாமா கிட்ட கேட்டா கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். சனிக்கிழமைக்கு ரொம்ப நன்றிங்க்ணா. லேத்தை மறந்தே போயிட்டோம்ங்கறது உண்மை.

#13 சால்டர்புகை

லேசர் கட்டர் பத்தி யாரும் பேசல, நான் பேசிடறேன், ஏன்னா அது ஒண்ணுதான் இந்த லிஸ்ட்ல எனக்கு பயம்.

பசங்க என்ன கெடைக்குதோ அதை உள்ள வைப்பாங்க. ரெக்சின் துண்டு, பழைய ஃப்ளெக்ஸ் பேனர், பிவிசி ஷீட். பிவிசியை லேசர்ல வெட்டினா ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது ஈரத்துல சேந்து ஆசிட், நுரையீரலுக்கும் ஆகாது, மெஷின் ரெயில் லென்ஸ் எல்லாம் துரு பிடிச்சு போயிடும். அக்ரிலிக்கை வெட்டும்போது யாராவது அந்தப்பக்கம் திரும்பினா தீப்பிடிக்கும். லேசர் வர்ற சிஓ2 ட்யூபுக்கு தண்ணி ஓடிட்டே இருக்கணும், பம்பு நின்னா ட்யூப் காலி. புகை வெளிய போக ஒழுங்கா எக்ஸாஸ்ட் குழாய் வேணும், மாடி ஹால்ல சன்னலைத் திறந்து வச்சா பத்தாது. திறந்த டயோட் லேசர்னா மூடியே கெடையாது, பாதுகாப்புக் கண்ணாடி போடாம ஒரு பையன் எட்டிப் பாத்தா கண்ணு போச்சு.

அதுக்கு பதிலா ஊர்ல நேம்போர்டு பண்ற கடை எத்தனை இருக்கு, எல்லார் கிட்டயும் லேசர் இருக்கு. பசங்க கம்ப்யூட்டர்ல வரைஞ்சு டிஎக்ஸ்எஃப் ஃபைலா பென்டிரைவ்ல கொண்டு போகட்டும், கடைக்காரர் வெட்டிக் குடுப்பாரு, கூடவே இந்த கோடு டபுளா இருக்கு தம்பின்னு திட்டுவாரு, அந்தத் திட்டுல இருந்து கத்துக்கறது தனி.

ஈயத்துக்கும் ஒரு விஷயம். சால்டர் வைக்கற 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு லெட்) 183 டிகிரியில உருகும், புதுசா கத்துக்கறவங்களுக்கு அதுதான் ஈஸி, ஆனா அதுல லெட் இருக்கு. புகையா வர்றது அதுக்குள்ள இருக்கற ஃப்ளக்ஸ் பசை, லெட் கையிலதான் ஒட்டும். அதனால டேபிள்ல பிஸ்கட் டீ கூடவே கூடாது, வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவிட்டுதான் மத்ததெல்லாம். ஒரு சின்ன ஃபேன் புகையை மூஞ்சிக்கு எதிர்ப்பக்கம் இழுக்கற மாதிரி வைங்க. பழைய லேப்டாப் பேட்டரியில இருந்து 18650ங்கற லித்தியம் செல்லை உரிச்சு எடுக்கறதுக்கு எவனாவது ஒருத்தன் கண்டிப்பா வீடியோ பாத்துட்டு வருவான், வேண்டாம்னு முதல் நாளே சொல்லிடுங்க. ஆரம்பத்துக்கு நாலு ஏஏ பேட்டரி போதும்.

#14 டிரஸ்ட்_கணக்கு

நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், சட்டப் பக்கம் கொஞ்சம். இப்பவே டிரஸ்ட் சொசைட்டின்னு ஓடாதீங்க. சொசைட்டின்னா தமிழ்நாடு 1975 சட்டப்படி குறைஞ்சது ஏழு பேர் வேணும், டிரஸ்ட்டுக்கு அது வேண்டியதில்ல, ஆனா ரெண்டுலயும் வருஷா வருஷம் கணக்கு காட்டற வேலை இருக்கு. ஒரு வருஷம் சொந்தக் காசுல ஓட்டிப் பாருங்க. வெளிய இருந்து டொனேஷன் வாங்கணும்னு வந்தா அப்ப வருமான வரி விலக்குப் பதிவு எல்லாம் பாத்துக்கலாம். கம்பெனி சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் வாங்க 2021 ஏப்ரல்ல இருந்து சிஎஸ்ஆர் 1 ஃபார்ம் பதிவும் வேணும். சிஎஸ்ஆர்ல ஒரு குணம் இருக்கு, லோகோ ஒட்டி ஃபோட்டோ எடுக்கற மாதிரி மெஷின்னா உடனே தருவாங்க, ஈயம் வாங்க காசு குடுன்னா மீட்டிங்ல வச்சு பாக்கறோம்னு சொல்லுவாங்க.

அதை விட முக்கியம் குழந்தைங்க பாதுகாப்பு. 18 வயசுக்கு கீழ இருக்கறவங்க வர்ற இடம், போக்சோ சட்டம் (குழந்தைங்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கானது) நெனப்புல இருக்கணும். எந்த நேரத்துலயும் ரெண்டு பெரியவங்க இருக்கணும், ஒரு ஆளும் ஒரு குழந்தையும் தனியா இருக்கற மாதிரி வரவே கூடாது, அதுல ஒருத்தர் பெண்ணா இருந்தா நல்லது. கதவு திறந்தே இருக்கட்டும். அப்பா அம்மா கிட்ட கையெழுத்து வாங்கிக்கங்க, அவசரத்துக்கு ஃபோன் நம்பர், அலர்ஜி ஏதாவது இருந்தா அதுவும். குழந்தைங்க உதவிக்கான 1098 நம்பரை செவுத்துல பெருசா எழுதி வைங்க. குழந்தைங்க ஃபோட்டோவை எடுத்து இன்ஸ்டாவுல போடறதுக்கு முன்னாடி வீட்ல கேளுங்க. ரெண்டு பேர் வர முடியாத அன்னிக்கு திறக்காதீங்க, அவ்ளோதான்.

#15 பாலக்காட்டு_எல்லை

வாளையார் தாண்டி இந்தப் பக்கம் இருக்கேன். கேரளாவுல 2018ல லிட்டில் கைட்ஸ்னு ஒரு மாணவர் கிளப்பை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிங்கள்ல ஆரம்பிச்சாங்க, ரெண்டாயிரத்துக்கு மேல பள்ளிங்கள்ல கிளப் இருக்கு. அனிமேஷன், ப்ரோக்ராமிங், ஆர்டுயினோ எல்லாம். எல்லாமே ஃப்ரீ சாஃப்ட்வேர். எஸ்எஸ்எல்சியில கிரேஸ் மார்க்கும் உண்டு, அதனால வீட்டுக்காரங்களே போடா போடான்னு அனுப்பறாங்க 😄 உங்களால மார்க் தர முடியாது, அது ஒரு கஷ்டம்தான்.

லேப்டாப் நாலு புதுசா வாங்கறேன்னு போட்டிருக்கீங்க, அது எதுக்கு? உங்க ஊர்ல கவர்மென்ட் +2 பசங்களுக்கு குடுத்த பழைய லேப்டாப் வீட்டுக்கு வீடு பரண்ல தூங்குது. பேட்டரி போயிருக்கும், சார்ஜர்ல ஓடும். இலகுவா ஓடற லினக்ஸ் ஒண்ணு போட்டா ஆர்டுயினோ ஐடிஈ (ப்ரோக்ராம் எழுதற சாஃப்ட்வேர்) ஓடிடும். ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி மாத்தினா இன்னும் நல்லா இருக்கும், அதையும் பசங்களையே மாத்தச் சொல்லுங்க. ஒரு லேப்டாப்பை திறந்து ராம் கழட்டி மாட்டின பொண்ணு அப்புறம் எந்த மெஷினுக்கும் பயப்படாது.

#16 குறைகூறி

சரி எல்லாம் சரி. மாசக் கடைசியில என்ன காட்டுவீங்க? ஏதாவது போட்டி, எக்சிபிஷன், ப்ரைஸ் இருந்தாதான் பசங்களுக்கும் ஒரு வெறி வரும்.

#17 பதினொண்ணாவது_பி

ப்ளீஸ் வேண்டாம். ஸ்கூல்ல எல்லாத்துக்கும் ரேங்க் இருக்கு.

#18 இயற்பியல்_டீச்சர்

பாப்பா சொல்றதுதான் சரி. போட்டின்னா நல்லா பண்றவன் இன்னும் நல்லா பண்ணுவான், மத்தவங்க ரெண்டாவது வாரம் நின்னுடுவாங்க. உங்களுக்கு அந்த மத்தவங்கதானே வேணும்.

என்ன செய்யறதுங்கறதுக்கு ஒரு எடத்தைச் சொல்றேன். புனே பக்கத்துல பாபல்னு ஒரு கிராமம், மழை கம்மியான ஊரு. 1983ல டாக்டர் எஸ்.எஸ். கல்பாக்னு ஒரு விஞ்ஞானி, கம்பெனி வேலையை விட்டுட்டு அங்க போய் விஞ்ஞான் ஆசிரமம்னு ஆரம்பிச்சாரு. பள்ளிப்படிப்பு நின்னு போன பசங்களுக்கு வெல்டிங், வயரிங், விவசாயம், கட்டட வேலை எல்லாம், ஆனா பயிற்சிக்குன்னு பொய்யா ஒரு வேலை குடுக்கறது இல்ல. ஊர்ல யாருக்கோ நெஜமாவே கேட் வேணும், கேட் செஞ்சு குடு. அப்புறம் எம்ஐடியில நீல் கெர்ஷன்ஃபெல்ட்ங்கற பேராசிரியர் ஃபேப் லேப்னு (யார் வேணா வந்து டிஜிட்டல் மெஷின்ல பொருள் செஞ்சு பாக்கற பட்டறை) ஒண்ணு கொண்டு வந்தப்போ அமெரிக்காவுக்கு வெளிய முதல் ஃபேப் லேப் 2002ல வந்தது அந்த பாபல்லதான். பெரிய நகரம் எதுலயும் இல்ல.

அதனால உங்க ஹால்ல ஒரு மூலையை ரிப்பேர் டேபிளா வைங்க. ஓடாத மிக்சி, சுத்தாத டேபிள் ஃபேன், சூடாகாத அயர்ன் பாக்ஸ், அவங்கவங்க வீட்ல இருந்தே கொண்டு வரட்டும். அயர்ன் பாக்ஸை திறந்து தெர்மோஸ்டாட்ல அந்த ரெண்டு உலோகப்பட்டை சூட்டுல வளையறதைப் பாத்தா போதும், நான் வருஷா வருஷம் போர்டுல படம் போட்டு சொல்றது அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிடும். சரி பண்ணின ஃபேன் வீட்டுக்குப் போய் சுத்தினா அம்மாவும் அடுத்த வாரம் மார்க் வருமான்னு கேக்காம அனுப்புவாங்க. ஒரே ஒரு கண்டிஷன், பிளக் கழட்டின பிறகுதான் திறக்கணும், மூடி மாட்டி பெரியவங்க பாத்த பிறகுதான் திருப்பி பிளக். மைக்ரோவேவ் அவனும் பழைய டப்பா டிவியும் உள்ள வரவே கூடாது, பிளக்கை எடுத்தாலும் உள்ள சார்ஜ் இருக்கும்.

#19 பட்டறைக்காரன்

மிக்சி மோட்டாருல கார்பன் பிரஷ் தேஞ்சதுதான் பாதி கேஸுங்க. பிரஷ்ஷு நான் வாங்கித் தர்றேன்.

#20 ஸ்கார்பரோ_அண்ணா

டீச்சர் சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். பாதியில விட்ட வேலையை வைக்க ஆளுக்கொரு பெட்டி குடுங்கோ, பேர் எழுதின சின்ன பிளாஸ்டிக் பெட்டி. அடுத்த கிழமை வரேக்க கழட்டினது கழட்டினபடி இருக்க வேணும். இல்லாட்டி ஒவ்வொரு முறையும் முதல்ல இருந்து தொடங்கி அலுத்துப் போவினம். மார்ச் மாசம் சோதினை எண்டு வராம விட்டாலும் பெட்டியை எடுத்துப் போடாதேங்கோ.

#21 மேல்மாடி

மூணு நாளா எல்லாரும் எழுதினதை ஃப்ரெண்ட்ஸ் கிட்ட காட்டி நேத்து உக்காந்து பேசினோம். முடிவானது இது:

சனி மதியமும் ஞாயிறு மதியமும் மட்டும், ரெண்டுல இருந்து அஞ்சரை. வாரநாள் கெடையாது. பேப்பர்ல நாங்க நாலு பேர், ஆனா ஷிஃப்ட் இல்லாம நிச்சயமா வரக்கூடியவங்க ரெண்டு பேர்தான், அதனால ஃப்ரெண்டோட அக்கா, பாலிடெக்னிக்ல இன்ஸ்ட்ரக்டரா இருந்தவங்க, அவங்களைக் கேட்டோம், ஞாயிறு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. சனிக்கு இன்னொரு லேடி தேடிட்டு இருக்கோம். ரெண்டு பேர் இல்லாத அன்னிக்கு பூட்டு, காலையிலயே வாட்சப்ல சொல்லிடுவோம்.

லேசரை லிஸ்ட்ல இருந்து அடிச்சாச்சு. பிரிண்டர் தீபாவளிக்கு அப்புறம், அதுவும் ஒண்ணு. ஆர்சிசிபி, எர்த்து, மாடியிலயே சின்னதா ஒரு பாத்ரூம், இதுக்கே எண்பதாயிரம் கிட்ட கொட்டேஷன் வந்திருக்கு. வலிக்குது. பாத்ரூமை விட்டுடலாமான்னு ஒருத்தன் கேட்டான், பதினொண்ணாவது_பி எழுதினதைக் காட்டினேன், அப்புறம் பேசல. பழைய லேப்டாப் ரெண்டு பக்கத்து வீட்லயே கெடைச்சிடுச்சு. ஒரு லட்சம் சும்மா பேங்க்ல இருக்கும், ஈயத்துக்கும் வயருக்கும்.

ரிப்பேர் டேபிளுக்கு ஓடாத ஃபேன், அயர்ன் பாக்ஸ், மிக்சி யார் கிட்டயாவது இருந்தா குடுங்க. கணபதி, சங்கனூர், ரத்தினபுரி பக்கம்னா நானே பைக்ல வந்து எடுத்துக்கறேன், தனி மெசேஜ் போடுங்க.

#22 குறைகூறி

என் வீட்ல ஒரு டேபிள் ஃபேன் இருக்கு. ஆசிலேஷன் போச்சு, தலை திரும்ப மாட்டேங்குது. இன்பாக்ஸ் பாருங்க.

#23 ரிச்சி_தெரு

அண்ணன் மனசு மாறிட்டாரு 😂😂

#24 குறைகூறி

மனசெல்லாம் மாறல. ஃபேன் ரிப்பேர் ஆகணும், கடையில 400 கேக்கறான்.

#25 பதினொண்ணாவது_பி

மேல்மாடி அண்ணா, என் தம்பி எட்டாவது படிக்கறான், தனியா வீட்ல விட்டுட்டு வர முடியாது. கூட்டிட்டு வரலாமா? ஒன்பதாவதுல இருந்துதான்னு போட்டிருக்கீங்க.

#26 மேல்மாடி

அவனுக்கும் வீட்ல கையெழுத்து வாங்கிட்டு வா மா. ஈயம் பக்கம் விடமாட்டோம், ஸ்க்ரூ டிரைவர் குடுத்து ஃபேனைக் கழட்ட விடலாம்.

#27 பட்டறைக்காரன்

வரட்டும் வரட்டும். ரெண்டு பேரும் ஷூ போட்டுட்டு வரச்சொல்லுங்க, செருப்போட கீழ எறங்கக்கூடாது, கடைஞ்ச இரும்புச் சுருளு குத்திரும்.